இரிடியம் மெஷினில் காட்டுமா என்று கேட்ட தம்பியும், மன்னார்குடிக்கு நான் போன ஐந்து நாளும்

2010 மே மாதம், ஒரு திங்கட்கிழமை மதியம் தம்பி செந்தில் ஊரிலிருந்து போன் செய்தான். சாப்பிட்டாயா, வெயில் எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை. "அக்கா, உங்க ஆபீஸ் மெஷின்ல இரிடியம் காட்டுமா?" என்றுதான் ஆரம்பித்தான்.

நான் சென்னையில் ஒரு ஹால்மார்க் சென்டரில் நகை சோதிக்கும் வேலை பார்க்கிறேன். யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் முதலில் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எங்கள் தொழிலில் இரிடியம் என்றால் கலப்படம். தங்கத்தோடு அந்தப் பொடியைச் சேர்த்துவிட்டால் எடை நிற்கும், உரைகல் ஏமாந்துபோகும். அதனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததுமே எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

"எதுக்குடா?" என்றேன்.

"சும்மா அக்கா. ஒரு ஜெனரல் நாலெட்ஜ்."

என் தம்பி பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து ஜெனரல் நாலெட்ஜுக்காக எதையும் கேட்டதில்லை. அன்று மாலையே ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

என் வலைப்பூவின் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் பஸ் நேரமும் கோயில் நேரமும் தேடித்தான் வருகிறீர்கள் என்று தெரியும். அதெல்லாம் கீழே உண்டு. கூடவே வானத்திலிருந்து விழுகிற கல்லும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். அதற்கு மேல் சொல்லமாட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குக் கோயம்பேட்டில் கும்பகோணம் வண்டி. அரசு விரைவுப் பேருந்து, 145 ரூபாய், சுமார் 290 கிலோமீட்டர். காலை வண்டி என்றால் வலது பக்கம் உட்காருங்கள், மதியம் வரை வெயில் இடது பக்கம்தான் காயும். வழியில் ஒரு மோட்டலில் இருபது நிமிஷம் நிறுத்துவார்கள். நீங்கள் அங்கே எதுவும் சாப்பிட வேண்டாம். டிரைவரும் கண்டக்டரும் உள்ளே தனி அறையில் சாப்பிடுவதைப் பார்த்தாலே காரணம் புரியும். கொள்ளிடம் தாண்டும்போது ஆறு முழுக்க மணலாகக் கிடந்தது. மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருந்தது.

கும்பகோணத்தில் இறங்கும்போது மணி இரண்டே முக்கால். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எல்லாக் கடையிலும் 'டிகிரி காபி' போர்டு இருக்கிறது. போர்டு பெரிதாக இருக்கிற கடையை விட்டுவிட்டு, ஆள் நின்று குடிக்கிற கடையாகப் பார்த்துப் போனேன். பத்து ரூபாய். பாலில் தண்ணீர் இல்லை, அது எனக்கே ஆச்சரியம்தான். அங்கிருந்து மன்னார்குடி 38 கிலோமீட்டர், 12 ரூபாய். ஒன்றேகால் மணி நேரம் என்பார்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. எனக்கு மூடியிருந்தது. இருபத்தைந்து நிமிஷம்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது செந்தில் வாசலிலேயே நின்றான். அவன் குவைத்தில் பதினோரு வருஷமாக ஏசி மெக்கானிக். ஜனவரியில் லீவில் வந்தவன். ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் அங்கே விசா செத்துவிடும், அதாவது ஜூலைக்குள் போயாக வேண்டும். ஆனால் டிக்கெட் போடுகிற பேச்சே அவனிடம் இல்லை. அவன் மனைவி மாலதி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். மகள் யாழினிக்கு ஏழு வயது. அவள் பிறந்ததிலிருந்து அப்பாவைச் சேர்ந்தாற்போல் இத்தனை நாள் பார்த்தது இதுதான் முதல் தடவை.

சாப்பாடு முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துவந்து என் முன்னால் வைத்தான். மார்ச் மாதம் மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அறிவியல் கூட்டம் நடந்ததாம். 'விண்கற்களும் பூமியும்' என்று பேனர் கட்டி, ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்தும் வஹிதா என்கிற மேடம் பேசியிருக்கிறார். யாழினியைக் கூட்டிக்கொண்டு இவனும் போயிருக்கிறான். அந்த மேடம் மைக் முன்னால் நிற்கிற போட்டோதான் ஃபைலில் முதல் பக்கம்.

"ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னாடி ஒரு கல்லு வந்து விழுந்துச்சாம் அக்கா. பத்து கிலோமீட்டர் அகலம். டைனோசர் மொத்தமும் க்ளோஸ். அந்தக் கல்லுல இரிடியம் இருந்துச்சாம். பூமி பூரா தூசியா படிஞ்சிருக்காம். மேடமே சொன்னாங்க."

"சரி. அதுக்கு நீ ஏன் ஃபைல் போட்ட?"

"2029-ல இன்னொரு கல்லு வருது. அப்போபீஸுன்னு பேரு. அதைத் தடுக்கிறதுக்கு அமெரிக்காக்காரன் ஒரு கவசம் செய்றான். அதுக்கு இரிடியம் வேணும். உலகத்துலயே அது கிடைக்கிற ஒரே இடம் நம்ம ஊரு கோயில் கலசம்தான்."

கடைசி வரி மேடம் சொன்னதில்லை. கூட்டம் முடிந்து பத்து நாள் கழித்து வீடு தேடி வந்த ஒருவர் சொன்னது. தன்னை 'ஏஜெண்ட்' என்றே அறிமுகம் செய்துகொண்டாராம், மேடத்தின் போட்டோவும் அவர் கொடுத்ததுதானாம். நூற்றுக்கணக்கான வருஷம் இடி தாங்கின செப்புக் கலசம் இரிடியமாக மாறிவிடுமாம், அப்படி மாறின கலசம் பக்கத்தில் அரிசியைக் கொண்டுபோனால் இழுக்குமாம். டெல்டாவில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதை ஒன்று கையில் இருக்கும், 'இரிடியம் பார்ட்டி' என்றால் டீக்கடையில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக் கதைக்கு இப்போது ஒரு பௌதிக மேடமும் வானத்துக் கல்லும் துணைக்கு வந்திருக்கின்றன.

"அப்போ பீஸு கேக்கல. இப்போதான் பீஸு கேக்குறாரு" என்று மாலதி அடுப்படியிலிருந்து சொன்னாள். செந்தில் திரும்பியே பார்க்கவில்லை.

அவர் கேட்டது பணம் இல்லை, அப்பா செந்தில் பேரில் எழுதிவிட்டுப்போன ஒன்பது மா நிலம். எங்கள் பக்கம் மா கணக்குதான், மூன்று மா ஓர் ஏக்கர். கலசத்தைச் சோதிக்க வெள்ளிக்கிழமை பெரிய பார்ட்டி வருகிறதாம், அதுவரை பங்குதாரர் என்பதற்கு நிலத்தை 'கேரண்டி' காட்ட வேண்டுமாம். கலசம் விற்றதும் கோடி.

"இதுவரைக்கும் எவ்வளவு கொடுத்த?" என்று கேட்டேன்.

"சத்தியமா ஒரு பைசா கொடுக்கல அக்கா."

முகத்தைப் பார்த்தேன், பொய் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் இவனை இழுத்துப் பிடித்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். கேள்வியே தப்பு என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

புதன்கிழமை ஏஜெண்ட் எங்களைத் தாராசுரத்துக்கு வரச் சொன்னார். கும்பகோணத்திலிருந்து நான்கு கிலோமீட்டர், ஆட்டோ அறுபது கேட்பார்கள், நாற்பத்தைந்துக்கு வருவார்கள். டவுன் பஸ்ஸில் போனால் மூன்று ரூபாய். கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நந்தி பக்கத்தில் இருக்கிற கல்படிகளைத் தட்டினால் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு ஸ்வரம் ஒலிக்கும் என்பார்கள். இப்போது சுற்றிலும் கம்பி போட்டுவிட்டார்கள், அதனால் நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். தேர்ச் சக்கரம் வைத்த மண்டபத்தை மட்டும் அவசரமில்லாமல் பாருங்கள். சிற்பத்தில் கையளவு இடம்கூட வீணாகவில்லை.

ஏஜெண்ட் புல்தரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, விபூதி, இரண்டு செல்போன். ஐம்பது வயது இருக்கும். நல்ல கண்ணியமான முகம், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கலசம் எங்கே என்றேன். அது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறதென்று செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். இருட்டில் ஒரு செம்பு. அதை நோக்கி ஐந்தாறு அரிசி துள்ளித் துள்ளிப் போகிறது.

"நேர்ல பார்க்கலாமா?"

"பார்க்கலாம்மா. ஆனா ஒண்ணு, சந்தேகப்படுறவங்க பக்கத்துல இருந்தா அது வேலை செய்யாது."

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. நான் எங்கள் மெஷினைப் பற்றிச் சொன்னேன். ஒரு துணுக்குக் கொண்டுவந்தால் அரை நிமிஷத்தில் என்ன உலோகம், எத்தனை பங்கு என்று தாளிலேயே அடித்துக் கொடுக்கும் என்றேன். அவர் முகம் மாறவில்லை. செந்தில் பக்கம் திரும்பி, "அக்கா படிச்சவங்க. அந்த வஹிதா மேடமும் படிச்சவங்கதான். அவங்களே நம்ம ஆளு தம்பி" என்றார்.

'நம்ம ஆளு.' பஸ்ஸில் திரும்பும்போது அந்த வார்த்தை என்னை விடவே இல்லை. கல்லூரி மேடம், கூட்டம், போட்டோ. பத்து நாள் கழித்துச் சரியாக வீடு தேடி வருகிற ஆள். கூட்டத்துக்கு வந்தவர்களின் விலாசம் இவருக்கு யார் கொடுத்தார்கள்? எனக்கு அந்த மேடம் மேல்தான் முழுச் சந்தேகமும் விழுந்தது.

அன்று மாலை செந்தில் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் மாலதி தையல் மெஷின் டிராயரைத் திறந்தாள். "அண்ணி, ஒண்ணு காட்டவா? அவர்கிட்ட சொல்லாதீங்க."

ஏஜெண்ட் முதல் தடவை வந்தபோது கலசம் இழுத்த அரிசி என்று ஒரு சின்ன கவரில் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். செந்தில் அதைச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறான். போன வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் வைக்கும்போது, சாமி அரிசி சும்மா கிடந்து வண்டு பிடிக்கிறதே என்று மாலதி அதில் பாதியை எடுத்துக் களைந்திருக்கிறாள். முதல் தண்ணீர் கறுப்பு. இரண்டாம் தண்ணீரும் கறுப்பு.

"எந்த ஊரு அரிசி அண்ணி கறுப்புத் தண்ணி விடும்? பொன்னி வெள்ளையா விடும். புழுங்கல் கொஞ்சம் மஞ்சளா விடும். இதைப் பாருங்க" என்று, தரையில் விழுந்த குண்டூசி பொறுக்க வைத்திருக்கிற காந்தத்தை எடுத்து மிச்ச அரிசி மேல் காட்டினாள். அத்தனையும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது.

"செந்தில்கிட்ட இதைக் காட்டினியா?"

"காட்டாம இருப்பேனா? அரிசியில இருக்கிற சக்தி என் காந்தத்துக்கும் ஏறிடுச்சுன்னு சொல்லிட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இரும்புத் தூள் பூசின அரிசியைக் கையில் கொடுத்தும் தெரியாதவன் இல்லை என் தம்பி. தெரிந்துகொள்ள அவனுக்கு இஷ்டமில்லை.

வியாழக்கிழமை மதியம் அவனையும் கூட்டிக்கொண்டு கூத்தாநல்லூர் போனேன். மன்னார்குடியிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர், ஐந்து ரூபாய். தெருவுக்குத் தெரு பெரிய மாடி வீடுகள், பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும். கட்டினவர்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருப்பார்கள். பஸ் நிற்கும் இடத்தில் ஆட்டோக்காரரிடம் கல்லூரி மேடம் வஹிதா வீடு தெரியுமா என்று கேட்டேன்.

"இரிடியம் மேடம் வீடா? ஏறுங்க. இருபது ரூபா" என்றார்.

நான் செந்திலைப் பார்த்தேன். அவன் என்னைப் பெருமையோடு பார்த்தான். "நெறைய பேரு வருவாங்களோ?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"வாரத்துக்கு ரெண்டு பார்ட்டி வருது. எல்லாம் வெளியூரு. என்ன பிசினஸோ நமக்கென்ன."

என் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டே இறங்கினேன். கேட்டில் ஒரு அட்டை தொங்கியது. ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்தில், 'இரிடியம் விஷயமாக வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போகவும்' என்று எழுதியிருந்தது.

மணியடித்தோம். நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் கம்பிக் கதவைத் திறக்காமலே நின்றார். "எந்த பார்ட்டி நீங்க? போர்டு படிக்கலையா?"

"நான் ஹால்மார்க் சென்டர்லேருந்து வர்றேன்" என்றேன்.

"தங்கம் ஆளுங்களும் வர ஆரம்பிச்சுட்டீங்களா!"

இப்படியாக அவர் என்னைக் கள்ளி என்றும் நான் அவரைக் கள்ளி என்றும் நினைத்துக்கொண்டு கம்பிக்கு இரண்டு பக்கமும் ஐந்து நிமிஷம் நின்றோம். கடைசியில் செந்தில் ஃபைலைத் திறந்து போட்டோவைக் காட்டி, "மேடம், இந்தக் கூட்டத்துக்கு நான் என் பொண்ணோட வந்திருந்தேன்" என்றான். தன் போட்டோவை அந்த ஃபைலில் பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. கதவைத் திறந்தார்.

கூட்டத்துக்கு வந்தவர்களிடம் பேரும் விலாசமும் எழுதச் சொல்லி வாசலில் ஒரு நோட்டு வைத்திருந்தார்களாம். அது அன்றைக்கே காணாமல் போய்விட்டது. "நான் யாரோ குழந்தைங்க எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார் வஹிதா. நன்னாரி சர்பத் வந்தது. அவர் கோபம் மட்டும் இறங்கவில்லை.

"நான் சொன்னது ஒண்ணுதாங்க. பூமியோட மேல்மண்ணுல இரிடியம் ரொம்ப அபூர்வம். விண்கல்லுல கொஞ்சம் கூடுதல். ஆறரைக் கோடி வருஷத்து மண்ணுல மட்டும் திடீர்னு ஜாஸ்தியா இருக்கவே, வெளியிலேருந்து பெருசா ஒண்ணு வந்து மோதியிருக்கணும்னு கண்டுபிடிச்சாங்க. ஜாஸ்தின்னா எவ்வளவு? ஒரு லாரி மண்ணை அரிச்சா ஒரு கடுகு அளவு. அதை இந்தாளு செம்பு நிறைய வச்சிருக்கானாக்கும்!"

எனக்கு இரிடியம் என்றால் கலப்படம். தம்பிக்குக் கலசம். இந்த அம்மாளுக்கு அது ஒரு பழைய விபத்தின் தடயம். மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வெவ்வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

செந்தில் விடவில்லை. "2029-ல கல்லு வர்றது உண்மைதானே மேடம்?"

"உண்மைதான். நாலஞ்சு தஞ்சாவூர் பெரிய கோபுரத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெருசு. நம்ம டிவி சாட்டிலைட்டெல்லாம் சுத்துதே, அதுக்கும் கீழ வந்துட்டுப் போகும். ஆனா மோதாது."

"அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

செந்திலைத் திரும்பிப் பார்த்தேன். ஏஜெண்டிடம் ஒரு கேள்விகூடக் கேட்காதவனுக்கு இங்கே வந்ததும் எவ்வளவு சந்தேகம்!

வஹிதா கோபிக்கவில்லை. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். 2004 டிசம்பரில் அந்தக் கல்லின் பாதையை முதலில் கணக்குப் போட்டபோது மோதலாம் என்றுதான் வந்ததாம். ஒவ்வொரு நாளும் புது அளவு கிடைக்கக் கிடைக்க அந்த வாய்ப்பு குறையவில்லை, கூடிக்கொண்டே போய் முப்பத்தேழில் ஒரு பங்கு என்கிற வரை ஏறியதாம். அப்புறம் அதே கல் பதிவாகியிருந்த பழைய படம் ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அதை வைத்துக் கணக்கைத் திருத்தியதும் அந்த வருஷம் மோதாது என்று ஆகிவிட்டது. இன்னமும் அளந்துகொண்டுதான் இருக்கிறார்களாம்.

"அவங்க யாரையும் நம்பச் சொல்லலை. அளந்து பாருன்னு அளவு எல்லாத்தையும் வெளியில போட்டுருக்காங்க. உங்க ஏஜெண்ட் அளக்க விட்டாரா?"

செந்தில் சர்பத்தை ஒரே மடக்கில் குடித்து முடித்தான்.

வஹிதா குரலைத் தாழ்த்தினார். "அந்த வாரம் நான் கம்ப்யூட்டர் சென்டர்ல உக்காந்து அந்தக் கல்லு கணக்கையே தினம் பார்த்துக்கிட்டிருந்தேன். முப்பத்தேழுல ஒண்ணுன்னு வந்த நாளு எந்த நாளு தெரியுமா? கடல் ஏறி வந்ததுக்கு மறுநாளு. நாகப்பட்டினத்துல எங்க சின்னம்மா வீடு. நான் வானத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன், கடல் வந்துடுச்சு. அதுலேருந்து எங்க கூட்டம் போட்டாலும் கடைசியில இதையும் சொல்லுவேன். ஆபத்து இருக்குதான். ஆனா நாம பார்த்துக்கிட்டிருக்கிற பக்கத்துலேருந்துதான் வரும்னு ஒண்ணும் இல்லை."

சுனாமி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான்.

வஹிதா செந்தில் பக்கம் திரும்பினார். பிறகு அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "எதுலயும் கையெழுத்துப் போட்டீங்களா தம்பி?"

"பவர் மட்டும்தான் மேடம்" என்றான் செந்தில்.

'மட்டும்தான்.' என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். நிலத்தை விற்கிற அதிகாரத்தையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, ஒரு பைசா கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்திருக்கிறான். நானும் அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். சாட்சிக்கு ஒரு கையெழுத்து என்று சொல்லி, போன வாரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய்ப் பதிவு செய்திருக்கிறார் அந்த ஏஜெண்ட். வெள்ளிக்கிழமை வருகிற பார்ட்டி கலசம் வாங்க வரவில்லை, ஒன்பது மா நிலம் வாங்க வருகிறது. பதினேழு வருஷம் நகை சோதித்த எனக்கு ஒரு பத்திரம் பற்றிக் கேட்கத் தோன்றவில்லையே என்று என்மேலேயே எனக்கு அசிங்கமாக இருந்தது.

அதற்குள் மணி மூன்றரை. அன்றைக்குப் போனாலும் எழுத்து வேலை முடியாது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கே மன்னார்குடியில் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நின்றோம், ஆபீஸ் திறப்பது பத்து மணிக்கு. எதிரில் இருந்த பத்திர எழுத்தரிடம் பவர் ரத்துப் பத்திரம் எழுதக் கொடுத்துவிட்டு வில்லங்கச் சான்றுக்கு மனு போட்டோம். ஏற்கெனவே கிரயம் ஆகியிருந்தால் ரத்துப் பத்திரம் வெறும் காகிதம். பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொரு வெள்ளைச் சட்டையையும் ஏஜெண்டோ என்று பார்த்தேன். அன்று மன்னார்குடியில் எல்லோரும் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார்கள்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். நான் ஒருத்தி. இன்னொருவருக்கு யாரைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. வஹிதா இறங்கினார். கல்லூரியில் பரீட்சை வேலைக்கு அரை நாள் லீவு போட்டிருக்கிறார்.

"என் படத்தை வச்சுத்தானே உங்களை ஏமாத்தினான். ரத்துக்கும் நானே சாட்சி போடுறேன்."

இவரையா 'நம்ம ஆளு' என்று நம்பினேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பன்னிரண்டரைக்கு வில்லங்கம் கைக்கு வந்தது. பவர் பதிவைத் தவிர வேறு எதுவும் இல்லை. செந்தில் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான்கு தடவை படித்தான். மூன்று மணிக்கு ரத்துப் பத்திரம் பதிவானது. வெளியே வந்து ஏஜெண்டுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். அவர் போன் இரண்டுமே அணைந்திருந்தது. போலீசில் சொல்லலாம் என்றேன். செந்தில் மறுத்துவிட்டான். அவனுக்கு வெட்கம். இந்தத் தொழில் ஓடுவதே அந்த வெட்கத்தில்தான் என்று அவனிடமே சொன்னேன். வஹிதா தன் படம் போட்ட அந்த ஃபைலை வாங்கிக்கொண்டார், தன் பெயரில் தானே புகார் கொடுப்பதாக.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மே மாதத்தில் டெல்டா பச்சையாக இருக்காது, உளுந்து எடுத்த கட்டாந்தரைதான் கண்ணுக்குத் தெரியும். வயல் பார்க்க வேண்டும் என்றால் ஐப்பசிக்கு மேல் போங்கள். தாராசுரத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பன்னிரண்டுக்கு நடை சாத்திவிடுவார்கள். புல்தரையில் கண்ணியமாக யாராவது பேச்சுக் கொடுத்தால் எழுந்து சிற்பம் பார்க்கப் போய்விடுங்கள். ஊரில் நிலம் வைத்துவிட்டு வெளிநாட்டில் இருக்கிறவர்கள், லீவில் வரும்போது கோயிலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அரிசி ஏதாவது அதிசயம் செய்தால் களைந்து பாருங்கள், அதற்கு மெஷின் தேவையில்லை. விண்கல்லைப் பற்றி யாராவது கூட்டம் போட்டால் கட்டாயம் போய்க் கேளுங்கள். வாசலில் வைத்திருக்கும் நோட்டில் மட்டும் விலாசம் எழுத வேண்டாம்.

சனிக்கிழமை காலை செந்தில் கும்பகோணம் வரை வழியனுப்ப வந்தான். சென்னை வண்டி பத்தே காலுக்கு. நீடாமங்கலம் கேட் அன்றும் மூடியிருந்தது. பஸ் நின்ற அமைதியில் அவனாகவே பேசினான்.

"நீ எல்லாத்தையும் சோதிச்ச அக்கா. அவரை, மேடத்தை, அரிசியை. நான் ஏன் இதுல விழுந்தேன்னு மட்டும் கேக்கலையே."

"ஏன்டா?"

"அன்னிக்குக் கூட்டத்துல 2029-னு சொன்னதும் கணக்குப் போட்டேன். யாழினிக்கு இருபத்தாறு வயசு. எல்லாம் அன்னிக்கே முடிஞ்சுரும்னா, நான் எதுக்குப் போயி அங்க கெடக்கணும், இதுகளோட இங்கயே இருந்துரலாமேன்னு தோணுச்சு. அப்புறம் இந்தாளு வந்து கோடி கிடைக்கும்னாரு. ரெண்டுல எது நடந்தாலும் நான் குவைத்துக்குப் போக வேண்டியதில்லை. அதான் அக்கா, எதையும் கேட்டுக்கல."

பதினோரு வருஷமாக அவன் அனுப்புகிற போட்டோக்களில் சிரித்துக்கொண்டிருப்பான். அந்தச் சிரிப்பை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

ஜூன் கடைசியில் அவன் டிக்கெட் போட்டுவிட்டான். கிளம்புவதற்கு முந்தைய நாள் போன் செய்தேன். வஹிதா மேடத்திடம் கேட்டு எழுதி வைத்திருந்ததை அவனுக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் கல் பூமிக்கு மிகவும் கிட்டே வருவது நம் நேரப்படி 2029 ஏப்ரல் பதினான்கு, அதிகாலை மூன்றே கால் வாக்கில். சித்திரை வருஷப் பிறப்பு. மேகம் இல்லாவிட்டால் நம் பக்கமிருந்தே வெறும் கண்ணுக்கு ஒரு நட்சத்திரம் நகர்கிற மாதிரி தெரியலாமாம். நம் ஒன்பது மாவில் வரப்பு மேல் பாய் போட்டு, மாலதி, யாழினி, நாம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்றேன்.

போனில் பெட்டிக்குக் கயிறு இறுக்குகிற ஓசை கேட்டது.

"பார்க்கலாம் அக்கா" என்றான். "அன்னிக்கு லீவு கிடைக்குமான்னுதான் தெரியல."